இரண்டு கேஷ், ஒரு காசு

ஆங்கிலத்தின் 'கேஷ்' நம் காசிலிருந்து போனதுதான் என்று மேடையில் சொன்னால் கைத்தட்டல் நிச்சயம். இதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். ஒரே எழுத்துக்கூட்டலில் ஆங்கிலத்துக்கு இரண்டு 'கேஷ்' உண்டு; ஆக்ஸ்போர்டு அகராதி இரண்டையும் தனித்தனிச் சொற்களாகவே பதிவு செய்கிறது. 'கேஷா, கார்டா?' என்று கடையில் கேட்கிறார்களே, அது ஒன்று. ஆசிய நாடுகளின் சில்லறை நாணயத்தைக் குறித்து, இன்று நாணயச் சேகரிப்பாளர்களிடமும் வரலாற்று நூல்களிலும் மட்டும் புழங்குவது மற்றொன்று. தமிழின் பிள்ளை இந்த இரண்டாவதுதான்.

முதல் சொல்லின் மூலம் லத்தீனின் 'காப்சா'. பெட்டி என்று பொருள். ரோமானியர் நூற்சுருள்களை வைத்த பேழை. அது இத்தாலியில் 'காஸ்ஸா'வாகவும் பிரெஞ்சில் 'கெஸ்' ஆகவும் மாறிப் பணப்பெட்டியையும் குறித்தது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் பெட்டி என்ற பொருள் கூடவே வந்தது; அது மெல்ல உதிர்ந்து, உள்ளிருந்த பணம் மட்டும் மிஞ்சியது. கிழக்கிந்தியக் கம்பெனி உருவானது 1600இல், சென்னையில் நிலம் பெற்றது 1639இல். சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயர் கடை விரிக்கும் முன்பே அவர்கள் நாவில் இந்தச் சொல் இருந்தது.

இரண்டாவதன் கதைதான் சுவையானது. தமிழ்க் 'காசு' போர்ச்சுகீசியர் வாயில் 'கைஷா' ஆயிற்று. அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே பெயர் என்பதால், கேட்டதைத் தெரிந்த சொல்லின் அச்சில் வார்த்துக்கொண்டார்கள் போலும். ஆங்கிலேயர் அதைக் 'கேஷ்' ஆக்கி, நடுவில் சதுரத் துளையிட்ட சீனச் செப்புநாணயத்துக்கும் அதையே சூட்டினார்கள். மதராஸ் மாகாணத்தில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 1803இல் பர்மிங்ஹாம் அருகே சோஹோ ஆலையில் அடித்த மதராஸ் செப்புக்காசுகளில் இருபது கேஷ் என்ற மதிப்பே பொறிக்கப்பட்டது.

முதல் 'கேஷு'க்கும் நம் காசுக்கும் ஒலியும் பொருளும் இவ்வளவு ஒத்துப்போவது தற்செயலா என்று கேட்கலாம். தற்செயல்தான். ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் வடக்கே பேசப்பட்ட ம்பபாரம் மொழியில் நாய்க்குப் பெயர் 'டாக்'. ஆங்கிலத்தோடு அதற்கு எந்த உறவும் இல்லை. ரோமானியர் அரிக்கமேட்டுக்கும் முசிறிக்கும் வந்தார்களே, லத்தீன் சொல்லே தமிழிலிருந்து போயிருக்கக் கூடாதா என்பது அடுத்த கேள்வி. 'காப்சா'வுக்கு லத்தீனிலேயே வேர் இருக்கிறது: பிடி, கொள் என்று பொருள்படும் வினை. கேப்ஸ்யூலும் கேப்டிவும் அந்தக் குடும்பம்தான். காசுக்கு அங்கே இடமில்லை.

அகராதி எழுதிய வெள்ளைக்காரர் தமிழை மறைத்துவிட்டார் என்ற புகார் அதைவிடப் பலவீனமானது. 1886இல் வெளிவந்த யூல், பர்னெல் இருவரின் 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியே சில்லறை 'கேஷ்' தமிழ்க் காசிலிருந்து வந்ததைப் பேசுகிறது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவற்றின் ஆங்கில வடிவங்களுக்கும் தமிழையே மூலமாகக் காட்டுகிறது. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் பணமாகவும், வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு வாய்பாடாகவும் நிற்கும் சொல்லுக்கு லண்டன் கல்லாப்பெட்டியிலிருந்து சான்று தேவையில்லை. தவறான உரிமையைக் கேட்டால், வெளியூர் ஆய்வாளர் அடுத்து நாம் காட்டும் கட்டுமரத்தையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.