காவேரி ஏற்றிய விளக்கும் எழுதாத சரித்திரமும்

நூற்பதிப்புக்குப் பேர்போன காசித் திருமடத்தின் ஊர் திருப்பனந்தாள். அவ்வட்டார வயல்களுக்குப் பாயும் காவேரிதான், 1902-ல் சிவசமுத்திரத்தில் மின்சாரமாகிக் கோலார் தங்கச் சுரங்கங்களை இயக்கியது.

வடகோடிக் கனடாவின் க்ளாண்டைக் தங்க வேட்டை சில ஆண்டுகளிலேயே ஓய்ந்தது. 1897-ல் அங்கே போன ஜாக் லண்டன், பொன்னை அல்ல, கதைகளையே கொண்டுவந்தார். அதைப் பற்றிய புத்தகங்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. கோலாரிலோ ஒரு நூற்றாண்டுக்கு மேல், மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி உழைத்தோரில் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் சரித்திரம் சொல்லும் தமிழ் நூல்கள் எத்தனை?

2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. ஊரார் ‘சயனைடு மலை’ என்றழைக்கும் கழிவு மேடுகளில் மிச்சப் பொன்னைப் பிரிக்கும் யோசனைக்கு 2024-ல் கர்நாடக மந்திரி சபை இசைந்தது. மண்மேட்டுக்கு மறுபடி மதிப்பு வந்துவிட்டது. சுரங்கத்தில் இறங்கியவர்களோ ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள்.