தராசு அறியாத நோவு

மலையகத் தேயிலைத் தோட்டங்களிற் சம்பள உயர்வுக் கோரிக்கை எழுகின்றபோதெல்லாம் கம்பனிகளிடமிருந்து வரும் மறுமொழி ஒன்றே: உற்பத்தித்திறன் உயர்ந்தாற் சம்பளமும் உயரும். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோதும், 2024இல் அது 1350 ரூபாவாகியபோதும் இவ்வாதமே முன்வைக்கப்பட்டது. பொருளியற் சொற்களின் துணையோடு கூறப்படுவதால் இதற்கு ஓர் அறிவியற் சாயலும் வாய்த்துவிடுகின்றது. தொழிற்சங்கத் தலைவர்களும் பத்திரிகையாளரும், ஏன், கருத்தரங்குகளிற் பேசும் கல்விமான்களுங்கூட இதன் எல்லைக்குள் நின்றே ரூபாவையும் கிலோவையும் பற்றி வாதிடுகின்றனர். கொழுந்தெடுக்கும் பெண்ணின் முதுகு இவ்விவாதத்தில் இடம்பெறுவதேயில்லை.

அம்முதுகைப் பற்றிச் சிறிது பேசவேண்டியுள்ளது. காலையிற் பிரட்டுக்களத்துக்கு வரும் பெண் அதற்கு முன்னரே தண்ணீர் எடுத்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தஞ்செய்து முடித்திருக்கின்றாள். பின்னர் சரிவான மலையில், மழையிற் சறுக்கும் மண்ணில், ஒரு காலை மேலும் மறுகாலைக் கீழுமாக ஊன்றி, இடுப்பைத் திருப்பித் திருப்பி ஆயிரக்கணக்கான தடவை கை நீட்டுகின்றாள். கூடையாயினும் சாக்காயினும் கயிறு தலையிலேயே மாட்டப்படுவதால், நிறை ஏற ஏறக் கழுத்து முன்னோக்கி வளைகின்றது. நிறுக்கும் இடம்வரை அச்சுமையோடு நடக்கவும் வேண்டும். கொழுந்து நனைந்திருந்தால் நீருக்கென்று நிறை கழிக்கப்படும்; அவள் சுமந்து வந்ததோ நீரையுஞ் சேர்த்துத்தான். இருபது முப்பது ஆண்டுகள் இவ்வேலையைச் செய்த ஒருத்தியின் கழுத்தும் இடுப்பும் முழங்காலும் நோகாதிருந்தாலே வியப்பிற்குரியது.

நோவு தொடங்கியதும் கை தளர்கின்றது. பல தோட்டங்களில் 18 கிலோ, சிலவற்றில் 20 கிலோ என விதிக்கப்படும் அளவு எட்டப்படாதபோது அரைப்பேர் விழுகின்றது. இழந்த சம்பளத்தை மீட்க, மறுநாள் தேநீர் இடைவேளையைக் கைவிட்டு, சாக்கை நிரம்பவிட்டு, அவள் இன்னும் விரைந்து பறிக்கின்றாள். நோவு ஆழமாகின்றது, அடுத்த அரைப்பேர் முன்னையதிலும் விரைவில் வருகின்றது. வேலைக்கு வராத நாளைச் செக்ரோல் பதிவு செய்யும். நோவோடு வந்து நின்ற நாளை அது அறியாது. அந்நாளிற் குறைந்த கிலோ “சோம்பல்” என்ற தலைப்பின்கீழ்ச் சேர்க்கப்படுகின்றது. உற்பத்தித்திறனை அழிப்பது தொழிலே உண்டாக்கிய நோவு; அதற்கான அபராதத்தைச் செலுத்துபவள் தொழிலாளி. கென்யாவைக் காட்டி ஒப்பிடுவோர், இங்கே பல மலைகளில் நிற்பவை முதிர்ந்த விதைத்தேயிலை என்பதையும் களையெடுப்புக் கைவிடப்பட்ட மலைகளில் எடுப்பதற்குக் கொழுந்தே குறைவு என்பதையும் வசதியாக மறந்துவிடுகின்றனர்.

“காயமில்லை, முறிவில்லை, பின்னெப்படி நோகும்?” என்ற கேள்வி அறியாமையின்பாற்பட்டது. காயத்தின் அளவே நோவின் அளவு என்ற பழைய கருத்தினை 1965இல் மெல்சாக், வோல் ஆகிய இருவரும் முன்வைத்த வாயிற் கொள்கை ஆட்டங்காணச் செய்தது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நோவில் நரம்புத்தொகுதியே மாறிக் கூருணர்வு கொள்ளக்கூடும் என்பது இன்று மருத்துவம் ஏற்ற உண்மை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு நாட்பட்ட நோவுக்குத் தனியிடம் அளித்துள்ளது. உறக்கம் கெடுகின்றது, மனம் சோர்கின்றது, பிள்ளையைத் தூக்கவும் கோயிற்படி ஏறவும் அஞ்சும் நிலை வருகின்றது. இத்தனைக்கும் தோட்ட மருந்தகத்திற் கிடைப்பவை சில பரசிற்றமோல் குளிசைகளும் “வயசாகுதுதானே” என்ற ஆறுதலுமே.

இன்னொன்றும் உண்டு. அதே மெல்சாக் 1975இல் நோவை அளக்க 78 சொற்கள் கொண்ட வினாக்கொத்து ஒன்றை வெளியிட்டார். நோயாளியின் சொல்லே நோயறிதலின் கருவி என்பது அதன் அடிப்படை. மலையகப் பெண்ணிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, குத்து, விறைப்பு என ஒவ்வொன்றையும் வேறுபடுத்தியே சொல்கின்றாள். தமிழறியாத வைத்தியரின் துண்டில் இவை யாவும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. மருத்துவபீடம் கொண்ட பேராதனை இம்மலைகளின் வாசலிலேயே அமைந்திருக்கின்றது என்பதையும் இங்கே நினைவூட்டுதல் தகும்.

சட்டமும் கண்ணுக்குத் தெரிவதையே பெரிதும் நம்புகின்றது. 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்தை மையமாகக் கொண்டது. துண்டிக்கப்பட்ட விரலுக்கு அதன் அட்டவணையில் ஒரு வீதம் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளிற் சிறிது சிறிதாகத் தேய்ந்த முதுகுக்கு விபத்து நிகழ்ந்த திகதியை எவ்வாறு காட்டுவது?

தொழிற்சங்கங்கள் கேட்கவேண்டியவை அரிதானவையல்ல: சுமையை நெற்றியிலிருந்து தோளுக்கு மாற்றும் பட்டி, மலைக்கு அண்மையில் தராசு, ஒருமுறை சுமக்கும் நிறைக்கு உச்சவரம்பு, நோவுற்றவளுக்குப் பேர் குறையாத மாற்றுவேலை. சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இவை ரூபாவோடு சமமாக வைக்கப்பட்டதில்லை. ரூபா வாக்குகளாக மாறும்; தோட்பட்டி மாறாது என்ற கணக்குப் போலும்.

பெண் தொழிலாளி 50 வயதில் ஊழியர் சேமலாப நிதியைப் பெறும் உரிமையுடையவளாகின்றாள். அப்பணம் மகளின் கலியாணத்திலோ கடனிலோ கரைந்த பின், அதே முதுகோடு கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க மீண்டும் மலையேறுவோர் பலர். அங்கே பேருமில்லை, அரைப்பேருமில்லை; தராசு காட்டும் கிலோவுக்கு மட்டுமே காசு.