மேல் மாடிக்கு வந்த கடிதம்

எங்கள் மேல் மாடி மாமி காப்பிப் பொடி கடன் கேட்டு வருகிறாள் என்றால், பொடி தீர்ந்துவிட்டது என்று அர்த்தமல்ல; மனசில் ஏதோ பாரம் என்று அர்த்தம். சென்ற வாரம் டம்ளரும் கையுமாக வந்தவள், சமையலறை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒன்று சொல்கிறேன். மாமாவுக்கு மட்டும் தெரியக் கூடாது."

மாமி 30 வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். இப்போதும் தன் வரிக் கணக்கைத் தானே கம்ப்யூட்டரில் போட்டு அனுப்புகிறவள். அவளுக்கு ஓர் ஈ-மெயில். வருமான வரி இலாகாவின் பெயர், சிங்க முத்திரை எல்லாம் கனகச்சிதம். 15,490 ரூபாய் ரீபண்ட் தயாராக இருப்பதாகவும், நள்ளிரவுக்குள் விவரம் தராவிட்டால் ரத்தாகும் என்றும் வாசகம். மாமியோ நிஜமாகவே ரீபண்டுக்குக் காத்திருந்தாள். கேட்பானேன்? கடிதத்திலிருந்த நீல எழுத்தைத் தட்டினாள். கார்டு எண், அதன் பின்புறத்து மூன்று இலக்கம், போனுக்கு வந்த ஓ.டி.பி. அத்தனையும் கொடுத்தாள். 15,490 வரவில்லை, 48,000 போயிற்று.

"கணக்கு டீச்சரே ஏமாந்தாள் என்று ஊர் சிரிக்குமே!" என்று இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.

சிரிக்க இதில் என்ன இருக்கிறது? இந்த ஆசாமிகள் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே கடிதத்தை வீசுகிறார்கள். அன்றைக்கு ரீபண்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் பத்துப் பேர் அகப்பட்டால் போதும். இதற்கு 'பிஷிங்' என்று பெயர். மீன் பிடிப்பதேதான், ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டல் மட்டும் வேறு.

இருவரும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தை மறுபடி பார்த்தோம். அனுப்பியவர் பெயரைத் தட்டியதும் உள்ளே ஒளிந்திருந்த விலாசம் வெளியே வந்தது. தபால் விலாசத்தில் ஊரைக் கடைசியில் தேடுகிறோம் அல்லவா? இதிலும் கடைசித் துண்டுதான் ஊர். வரி இலாகாவின் விலாசம் 'கவ் டாட் இன்' என்று முடியும். மாமிக்கு வந்ததில் முன்னால் 'இன்கம்டாக்ஸ்', முடிவில் ஏதோ ஒரு 'டாட் காம்'! பாங்கிகளுக்கும் தனி ஊர் உண்டு. 2025 அக்டோபர் 31-க்குள் அவை 'பாங்க் டாட் இன்' என்று முடியும் இணைய விலாசத்துக்கு மாற வேண்டுமென்று ரிசர்வ் பாங்க் கட்டளையிட்டது. ஆனால், அனுப்புகிறவர் விலாசத்தையே பொய்யாகப் போடும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். ஆகையால் நீல எழுத்தைத் தொடாமல், இலாகாவின் விலாசத்தை நாமே தட்டி உள்ளே போய்ப் பார்ப்பதுதான் உசிதம். நிஜ ரீபண்ட், நாம் முன்பே அங்கே பதிந்து வைத்த பாங்கிக் கணக்குக்கு வந்து சேரும். பணம் கொடுக்கிறவனுக்கு நம் கார்டின் ரகசியம் எதற்கு?

என் வயிறு எரிந்தது அந்த இரண்டு நாளை நினைத்துத்தான். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போகும். அது வெளியேறுவதற்குள் மடக்கவே 2021 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. இப்போது அதற்கு 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். அசட்டையால் ரகசியத்தைக் கொடுத்தவருக்கும் ஒரு வழி வைத்தது ரிசர்வ் பாங்கின் 2017 ஜூலை உத்தரவு: பாங்கியிடம் தெரிவிக்கும் வரை நேர்ந்த நஷ்டம் அவருடையது, தெரிவித்த பிறகு நேர்வது பாங்கியினுடையது. மாமியின் கார்டிலிருந்து மறுநாளும் 6,000 போயிருந்தது. முதல் நாளே சொல்லியிருந்தால்!

என் போனிலிருந்தே 1930-ஐக் கூப்பிட்டோம். பாங்கியைக் கூப்பிட்டுக் கார்டையும் முடக்கச் சொன்னோம். நடுவில், "காப்பி என்ன ஆச்சு?" என்று மாமா இறங்கி வந்துவிட்டார். மாமி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபிக்கவில்லை, தரையைப் பார்த்தபடி நின்றார்.

"போன வருஷம், 'இன்று ராத்திரி கரண்டைத் துண்டிப்போம்' என்று எனக்கு ஒரு மெஸேஜ் வந்தது..." என்று மெல்ல ஆரம்பித்தார்.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எவ்வளவு?"