கொள்ளுத்தாத்தா பேர் என்ன சார்?

சார், உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பேர் என்ன? தாத்தா இல்லை, தாத்தாவின் அப்பா. அவசரமே இல்லை. டீ வருகிறவரை யோசித்துச் சொல்லுங்கள்.

தி.நகரில் ஒரு ஆபீஸில் எட்டுப் பேரிடம் இதைக் கேட்டேன். ஒருவர்தான் பதில் சொன்னார். அவரும், "பெருமாளோ பெரியசாமியோ... 'பெ'னாவுல ஆரம்பிக்கும்" என்றார். மற்றவர்கள் அம்மாவுக்குப் போன் போட்டார்கள். அம்மாக்களோ, "எதுக்குடா திடீர்னு? பொண்ணு வீட்டுல கேக்கறாங்களா?" என்று ஆவலாகிவிட்டார்கள்.

கொள்ளுத்தாத்தாவை விடுங்கள். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்து, '2002 அல்லது 2005 பட்டியலில் உன் பேரையோ அப்பா, அம்மா பேரையோ தேடு' என்றபோது நாம் பட்ட பாடு தெரியாதா? மயிலாப்பூரில் ஏழு வாடகை வீடு மாறியவர்கள், எந்த வருஷம் எந்தச் சந்தில் இருந்தோம் என்று பெண்டாட்டியோடு சண்டை போட்டார்கள். இருபது வருஷத்துக்கு முந்தைய அப்பாவே அகப்படவில்லை!

இங்கிலாந்தில் இந்தத் தலைவலி குறைவு. அங்கே 1538-லேயே சர்ச்சுக்குச் சர்ச் ஒரு நோட்டுப் போட்டு, ஞானஸ்நானம், கல்யாணம், சாவு மூன்றையும் எழுதச் சொல்லி உத்தரவு. 1841 முதல் சென்ஸஸில் வீடு வீடாகப் பேரும் தொழிலும் எழுதிய தாள்கள் இருக்கின்றன. நூறு வருஷம் பூட்டி வைத்துவிட்டுத் திறந்துவிடுவார்கள். 1921-ம் வருஷத்துத் தாள்கள் 2022-ல் வெளியாயின. நிலக்கரி வெட்டினவரின் கொள்ளுப்பேரன் லுங்கியோடு... சரி, பைஜாமாவோடு வீட்டில் உட்கார்ந்தே, தாத்தா எந்தத் தெருவில் எத்தனை பேரோடு குடியிருந்தார் என்று பார்த்துவிடலாம்.

அதே வெள்ளைக்காரன்தானே நமக்கும் சென்ஸஸ் எடுத்தான் என்பீர்கள். எடுத்தான். 1881-ல் மெட்ராஸ் பட்டணத்தில் 4,05,848 பேர் என்று கடைசித் தலைவரை எண்ணினான். கூட்டிக் கழித்து முடித்ததும் பேர் எழுதின தாள்களைக் கழித்துக்கட்டிவிட்டான். ஜாதிச் சண்டை வந்தால் இன்றைக்கும் நாம் மேற்கோள் காட்டுகிற 1931 கணக்கு இருக்கிறதே, அதிலும் எண்தான் மிச்சம், ஆள் இல்லை. என் கொள்ளுத்தாத்தா அந்த மொத்தத்தில் ஒன்று. பி.காம். படித்தவன் என்பதால் சொல்கிறேன், டோட்டலை மட்டும் வைத்துக்கொண்டு வவுச்சர்களைக் கொளுத்துகிற கணக்கை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இந்த ஞானமெல்லாம் எனக்கு ஒரு டர்பன்காரரால் வந்தது. தலைப்பாகை இல்லை, தென்னாப்பிரிக்காவில் இருக்கிற டர்பன் ஊர். அறுபத்தைந்து வயசு, ரிட்டயர்டு வாத்தியார். தி.நகரில் டிராவல்ஸ் வைத்திருக்கும் என் நண்பன், "இவன் பி.காம்., பழைய கணக்கு நோட்டெல்லாம் படிப்பான்" என்று சிபாரிசு செய்து அவரை என் தலையில் கட்டினான். அவருக்குத் தெரிந்த தமிழ் மொத்தம் பத்து வார்த்தை. அதில் நாலு சாப்பாடு.

ஆனால், அவர் பையில் ஒரு காகிதம் இருந்தது சார். நான் அசந்துவிட்டேன்.

கப்பல் பட்டியலின் நகல். கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து கிளம்பி, 1860 நவம்பர் 16-ல் டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஐந்து வருஷ ஒப்பந்தம். ஆரம்பத்தில் மாசம் 10 ஷில்லிங் சம்பளம். பாதிக்கு மேல் நம் மெட்ராஸ் துறைமுகத்தில் ஏறியவர்கள். அத்தனை பேருக்கும் நம்பர் போட்டு, பேர், அப்பா பேர், வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் டர்பனில் பத்திரமாக இருக்கிறது. கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டார்கள்.

டர்பன்காரரின் கொள்ளுத்தாத்தா 1889-ல் போனவர். வயசு 22. ஜில்லா மெட்ராஸ், ஊர் மயிலாப்பூர். இடது முழங்காலில் தழும்பு. அவருக்கு அடுத்த நம்பரில் கொள்ளுப்பாட்டி, தனி வரியில், தன் பேரோடும் தன் அப்பா பேரோடும். நம் வீட்டுப் பத்திரங்களில் பாட்டிகள் இப்படித் தனி வரியில் வந்து பார்த்திருக்கிறீர்களா?

பேர் நிலைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே நமக்கு இனிஷியல். ஒரே ஓர் எழுத்து, ஒரே ஒரு தலைமுறைக்கு வாரண்டி. அடுத்த தலைமுறையில் எழுத்து மாறிவிடும். அங்கே குமாஸ்தா துரைக்குக் குடும்பப் பேர் வேண்டியிருந்தது. கூலியாகப் போனவர் முனுசாமி என்றால், வம்சம் முழுக்க இன்றுவரை முனுசாமி. முதலி 'மூட்லி' ஆனார், கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். உச்சரிப்பு நாசமானாலும் ஆள் தொலையவில்லை.

இரண்டு நாள் அவரோடு மயிலாப்பூரைச் சுற்றினேன். எங்கே போய்க் கேட்பது? செட்டில்மெண்ட் ரிஜிஸ்தர்களில் நிலம் வைத்திருந்தவன் பேர் இருக்கும். பத்திர ஆபீஸில் வாங்கினவன், விற்றவன் பேர் இருக்கும். கிறிஸ்தவராக இருந்தால் சாந்தோம், லஸ் சர்ச்சுகளின் ஞானஸ்நான நோட்டைப் புரட்டச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். ஹரித்வார் பண்டாக்கள் யாத்திரை வந்தவர்களின் வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால், ஹரித்வார் போக முதலில் ரயில் சார்ஜ் வேண்டுமே! மயிலாப்பூரில் மூட்டை தூக்கினவனை யார் எழுதினார்கள்? ஊரைவிட்டு அவன் போகிற அன்றைக்கு, அவன் மேல் முதல் போட்ட முதலாளிக்காகத்தான் எழுதினார்கள். முழங்கால் தழும்பைக் குறித்ததும் பாசத்தால் இல்லை, ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே.

அன்று மகாளய அமாவாசை. கபாலி கோயில் குளக்கரையில் தர்ப்பணக் கூட்டம். அவரும் உட்கார ஆசைப்பட்டார். புரோகிதர், "அப்பா பேர்? தாத்தா? கொள்ளுத்தாத்தா?" என்று கேட்க, மனுஷர் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார். நிறுத்தாமல், கொள்ளுத்தாத்தாவின் அப்பா பேரையும் சேர்த்துக்கொண்டார்.

"மூணு போதும் சார்" என்ற புரோகிதர் என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"அப்பா இருக்கார்" என்று தப்பித்தேன்.

எழுந்து வரும்போது டர்பன்காரர் கேட்டார், "உன் கொள்ளுத்தாத்தா பேர் என்ன?" 136 வருஷத்துக்கு முன்னால் ஊரைவிட்டுப் போன வம்சத்துக்காரர், ஊரைவிட்டு நகராத வம்சத்துக்காரனைக் கேட்கிறார். நான் குளத்தில் மீன் பார்த்தேன்.

அவர் கொள்ளுத்தாத்தா இருந்த தெரு கடைசிவரை கிடைக்கவில்லை. மாடவீதியில் நாலு பக்கமும் நடந்தார். "இதுல ஏதாவது ஒரு இடத்துல அவர் கால் பட்டிருக்கும் இல்லையா?" என்றார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு சுற்று நடந்துவிட்டு, மறுநாள் பிளேன் ஏறினார்.

எனக்குத்தான் தூக்கம் போயிற்று. அடுத்த ஞாயிறு அடையாறில் பெரியப்பா வீட்டுக்குப் போனேன்.

"கொள்ளுத்தாத்தா பேரா? ஏன், சொத்து கித்து ஏதாவது..."

"இல்ல பெரியப்பா, சும்மாதான்."

"சும்மா யாருடா கேப்பா?"

பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்கியது. பென்ஷன் புத்தகம், செல்லாத ரேஷன் கார்டு இரண்டு, பாச்சை உருண்டை வாசனை. அடியில் ராஜா தலை போட்ட முத்திரைத்தாள். 1938-ம் வருஷம். செங்கல்பட்டு ஜில்லா, மதுராந்தகம் தாலுகா, இன்னார் குமாரர் இன்னார், கூலி ஜீவனம், மனையை ஈடு காட்டி ரூபாய் 60 கடன் வாங்கியது. நூற்றுக்கு மாசம் 1 ரூபாய் வட்டி. கீழே கொள்ளுத்தாத்தாவின் பெருவிரல் ரேகை. ஆக, கொள்ளுத்தாத்தாவும் கிடைத்தார், 'இன்னார் குமாரர்' என்ற இடத்தில் அவர் அப்பாவும் கிடைத்தார். கடன் வாங்கியிருக்காவிட்டால் இரண்டு பேருமே இல்லை!

கை சும்மா இருக்குமா? கூட்டு வட்டி போட்டுப் பார்த்தேன். 87 வருஷத்துக்குக் கிட்டத்தட்டப் பதினொன்றரை லட்சம்.

பெரியப்பா சட்டென்று எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். "உள்ள வைடா அதை. பத்திரிகையில பேரு கீரு போட்டுத் தொலைக்காதே."

அதனால்தான் பேர் போடவில்லை.

"பயப்படாதீங்க பெரியப்பா. கடன் தீரலேன்னா அசல் பத்திரம் கடன் கொடுத்தவர் கையில இல்ல இருக்கும்? நம்ம பெட்டியில எப்படி வந்துது?" என்று தாளைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்க வரவு. 5 ரூபாய், 3 ரூபாய், 12 அணா, ஒரு வருஷம் ஒன்றுமே இல்லை, மறுபடி 2 ரூபாய். இப்படியே எட்டு வருஷம். 1946 தை மாசத்து வரியில் 'அசலும் வட்டியும் பைசலாகி, பத்திரம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.'

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பன்னிரண்டு அணா வரியில் விரலை வைத்தபடி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வருஷம்தான் எங்க அப்பா ஸ்கூலை விட்டு நின்னாராம்" என்றார்.