உயரம் மட்டும் போதாது

மலையில் விளையும் திராட்சை என்றால் மாசில்லாத திராட்சை என்ற நம்பிக்கை பெங்களூருவில் ஆழமாக வேரூன்றிவிட்டது. வார இறுதியில் நந்தி மலையடிவாரத்துத் தோட்டங்களுக்குப் போய் ஒயின் ருசித்துத் திரும்புகிறவர்களில் பலர், குளிர்ந்த காற்று வீசும் இடத்தில் மருந்தும் தண்ணீரும் அதிகம் தேவைப்படாது என்றே நினைக்கிறார்கள். இது தவறு. தோட்டக்காரர் செய்ய வேண்டிய வேலையை உயரத்தின் கணக்கில் எழுதிவிடும் தவறு.

உயரத்தால் நன்மை உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் 6 டிகிரி அளவுக்குக் குறையும். நந்தி மலையை ஒட்டிய தொட்டபள்ளாபுரம் வட்டாரம் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவுக் குளிர் பழத்தின் புளிப்பைக் காக்கிறது. 1988-இல் கன்வல் குரோவர் தொடங்கிய ஒயின் நிறுவனம் இங்கே பிரெஞ்சு ரகங்களை வளர்க்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்த உயரம் இங்கே பனிக்காலத்தைக் கொண்டுவரவில்லை. பிரான்சில் கொடி இலையுதிர்த்து உறங்கும். அந்த உறக்கம் இங்கே இல்லை. அதனால் ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபர் வாக்கில் இன்னொன்று. இரண்டாவது கவாத்து முடிந்ததும், மொட்டுகள் ஒரே சீராக வெடிப்பதற்காக, ஹைட்ரஜன் சயனமைடு கரைசலில் துணியை நனைத்துக் கணுக்கணுவாகத் தடவும் வழக்கம் நம் நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் உண்டு. கையுறை இல்லாமல் தொடக்கூடாத நஞ்சு அது. அடுத்து வடகிழக்குப் பருவமழை. இளந்தளிர் நனைந்தால் அடிச்சாம்பல் நோய் பாயும். உடனே மருந்து தெளிக்க வேண்டும். இயற்கை முறைக்காரர்கள் நம்பும் போர்டோ கலவையிலும் மயில்துத்தம்தான் இருக்கிறது. அதன் செம்பு மண்ணிலேயே தங்கிச் சேரும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுகளுக்கு எக்டருக்கு 28 கிலோ செம்பு என்று வரம்பு வைத்திருக்கிறது.

தண்ணீர் இதைவிடப் பெரிய சிக்கல். அர்ஜென்டினாவின் சால்டா மாகாணத்தில் 3,000 மீட்டருக்கு மேல்கூடத் திராட்சை விளைகிறது. ஆண்டீஸ் மலையின் பனி உருகி அங்கே வாய்க்காலில் வருகிறது. நந்தி மலையில் பனி ஏது? அர்க்காவதி, பாலாறு, தென்பெண்ணை எல்லாம் இந்த மலைத்தொகுதியில்தான் பிறக்கின்றன. ஆனாலும் வற்றாத ஆறு என்று ஒன்றுகூட இங்கே ஓடவில்லை. சிக்கபள்ளாபுரம், கோலார் மாவட்டங்களில் ஆயிரம் அடிக்குக் கீழே போன ஆழ்துளைக் கிணறுகள்தான் விவசாயத்தைத் தாங்குகின்றன. கோலார் ஏரிகளை நிரப்ப 2018 முதல் பெங்களூருவின் சுத்திகரித்த கழிவுநீரை அனுப்புகிறார்கள் என்றால், நிலத்தடி நீர் என்ன நிலையில் இருக்கும்! பாலாற்றின் தலைமாட்டில் உறிஞ்சும் நீருக்கு வேலூர்க்காரனும் கணக்குக் கேட்கலாம்.

நெல்லைவிடத் திராட்சை குறைவாகத்தான் குடிக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் ஊறுவதைவிட அதிகமாக இறைக்கும் ஊரில் அந்த ஒப்பீடு யாரையும் காப்பாற்றாது.

இதற்காகக் கொடிகளைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. சாப்பிடும் திராட்சைக்குப் பருமன் வேண்டும், அதற்கு நீர் வேண்டும். ஒயின் திராட்சைக்கு அது தேவையில்லை. காய் நிறம் மாறும் கட்டத்தில் நீரைக் குறைத்தால் பழம் சிறுத்து, தோலில் நிறமும் சாரமும் ஏறும். வறட்சி தாங்கும் டாக்ரிட்ஜ் வேர்க்கட்டையில் ஒட்டுக் கட்டுவது, சொட்டுநீர், மூடாக்கு, மழைநீரைத் தேக்கும் குட்டை என்று தெரிந்த வழிகள் எத்தனையோ இருக்கின்றன. இவற்றைச் செய்யும் தோட்டம் எந்த உயரத்தில் இருந்தாலும் நிலைக்கும். செய்யாத தோட்டம் மலையுச்சியில் இருந்தாலும் மண்ணைக் கெடுக்கும்.

2007-இல் ஒயின் கொள்கை கொண்டுவந்து இத்தொழிலை ஊக்குவித்த கர்நாடக அரசு, சலுகை பெறும் ஒவ்வொரு தோட்டமும் எவ்வளவு இறைத்தது, எவ்வளவு மழைநீரை மண்ணுக்குத் திருப்பியது, எத்தனை முறை மருந்தடித்தது என்று ஆண்டுதோறும் வெளியிடச் சட்டம் செய்ய வேண்டும். ருசிக்கப் போகிறவர்களும் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று கேட்பதை விட்டுவிட்டு, ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி என்று கேட்கட்டும்.