அழாதே என்று சொல்ல இவர்கள் யார்?

போன சாரல் சமயத்தில் வடகரைக்குப் பக்கத்தில் ஒரு பெண் குழந்தை இறந்துபோனது. நாலு வயதுகூட நிரம்பவில்லை. காய்ச்சல். தச்சர் அவசரமாக அடித்துக் கொடுத்த சின்னப் பெட்டியில் வெள்ளைத் துணி ஒட்டி, மூடியில் ஜிகினாத் தாளில் சிலுவை வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஈரக் காற்றில் பசை காயவில்லை. சிலுவையின் ஒரு முனை தூக்கிக்கொண்டே இருந்தது. தாய் அதைப் பெருவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தவள், திடீரென்று வாய்விட்டு அலறினாள்.

உபதேசியார் மைக்கை வாங்கினார். “அழக்கூடாதும்மா. பாப்பா இயேசப்பாகிட்ட பத்திரமா இருக்கா. விசுவாசி அழுதா சாட்சி கெட்டுப்போகும்.” உடனே பாட்டு எடுத்தார்கள். கீபோர்டு சத்தத்தில் அவள் அழுகை அமுங்கிப்போனது. எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

சாட்சி கெடுமாம்! பெத்தானியாவில் லாசருவின் சாவுக்கு இயேசுவே கண்ணீர் விட்டாரே, அவர் சாட்சி கெட்டுப்போயிற்றா? யோவான் 11-ஆம் அதிகாரம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தவர் அவர். தெரிந்தும் அழுதார். நம் உபதேசியார் அங்கே இருந்திருந்தால், “விசுவாசம் வேணும் ஆண்டவரே” என்று அவருக்கும் ஒரு பாட்டை எடுத்து விட்டிருப்பார்.

யோபுவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கொடுத்தவரே எடுத்தார் என்கிற முதல் அதிகாரம் எல்லாருக்கும் மனப்பாடம். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறானே, அந்தப் பக்கத்தை மட்டும் எலி தின்றுவிட்டதா? அவனுடைய நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல மனிதர்கள்தான். விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள், கெட்டது. கடைசியில் கடவுளின் கோபம் மூண்டது அந்த விளக்கக்காரர்கள் மேல்தான்.

மார்ட்டின் லூத்தர் 1528-இல் எட்டு மாதக் கைக்குழந்தை எலிசபெத்தைப் பறிகொடுத்தார். 1542-இல் 13 வயது மக்தலேனா அவர் கைகளிலேயே உயிரை விட்டாள். மனிதர் நொறுங்கிப்போனார், நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் அதை ஒளிக்கவும் இல்லை. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து இந்தப் பக்கமெல்லாம் சபைகளை நட்ட மிஷனெரி ரேனியஸும் லூத்தரைப் போல ஜெர்மனிக்காரர்தான். பிறகு இந்தக் கல்நெஞ்சு எங்கிருந்து இறக்குமதி ஆனது?

நம் கிழவிகளின் ஒப்பாரியை அஞ்ஞானம் என்று சொல்லி ஒழித்தோம். அன்றைக்கு அந்தத் தாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடவே அழுதது பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா. சபையார் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள். பெத்தானியாவிலும் மரியாளோடு கூட அழுத அக்கம்பக்கத்தாரைப் பார்த்துத்தான் இயேசுவுக்கு மனம் கலங்கியது.

கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்பது எல்லாருக்கும் வசதி. சுடும் உடம்பில் எண்ணெய் பூசி, ஜெபம் போதும் என்று வீட்டிலேயே கிடத்தியவர்கள் தப்பித்துக்கொள்ளலாம். ராத்திரியில் டாக்டர் இல்லாத ஊர்களைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டாம். பழியெல்லாம் கடவுள் கணக்கில். டிவியில் கத்தும் ஊழியர்களோ பெற்றோரின் பாவத்தைத் தோண்டுகிறார்கள். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் இயேசுவிடம் கேட்டபோது, இவனும் செய்யவில்லை, பெற்றவர்களும் செய்யவில்லை என்றுதான் பதில் வந்தது.

கத்தோலிக்க வீடுகளில் வேறு கொடுமை. ஞானஸ்நானம் பெறாமல் செத்த பிள்ளைக்கு மோட்சம் கிடையாது என்று எத்தனை தாய்மாரை உருக்குலைத்தார்கள்! அப்படிப்பட்ட குழந்தைகளுக்கும் மீட்பு உண்டு என்று நம்ப இடமிருக்கிறது என வத்திக்கானின் இறையியல் ஆணையம் 2007-இல் எழுதிவிட்டது. ஊர்ப் பாட்டிமாரிடம் யார் போய்ச் சொல்வது?

அன்றைய பிரசங்கத்தில் மனந்திரும்புதல் வந்தது, கடைசிக்காலம் வந்தது, கோயில் கட்டட நிதிகூட வந்தது. குழந்தையின் பேர் மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை.

ஐயர்மாரே, உபதேசியார்மாரே, சின்னப் பிள்ளையின் அடக்கத்துக்குப் போகும்போது யோவான் 11-ஐ வாசித்துவிட்டுப் போங்கள். பேசித்தான் தீர வேண்டுமென்றால் அந்தப் பிள்ளையின் பேரைச் சொல்லிப் பேசுங்கள். பெற்றவள் அழ ஆரம்பித்தால் தயவுசெய்து பாட்டை நிறுத்துங்கள்.