துருவின்மேல் பூசும் வண்ணம்



கடலோர ஊர்களில் பொங்கலுக்கு முன் சன்னல் கம்பிகளும் இரும்புக் கதவுகளும் புதுப் பெயிண்டில் பளபளக்கும். ஆடி பிறப்பதற்குள் அந்தப் பெயிண்டு கொப்புளம் கொப்புளமாக எழும்பும். உள்ளிருந்து துரு எட்டிப் பார்க்கும். “கடற்காற்று பட்டால் இரும்பு தாங்குமா?” என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். இயற்பியல் கற்பிக்கும் நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லி வந்தேன். அது தவறு. குற்றம் காற்றின்மேல் மட்டும் இல்லை. துருவின்மேலேயே பெயிண்டு அடிக்கும் நம் வழக்கத்தின்மேலும் இருக்கிறது.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்று படித்திருக்கிறீர்கள். உப்பு என்ன செய்கிறது? காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தை எட்டினாலே சோடியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கிவிடும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ அதற்கும் குறைந்த ஈரத்திலேயே கரையும். ஆகவே மழை பெய்யாத நாளிலும் கம்பியின்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கும். அது மின்சாரத்தை நன்கு கடத்துவதால், இரும்பின் பரப்பில் எண்ணற்ற சிறு மின்கலங்கள் வேலை செய்யத் தொடங்குகின்றன. கரைவது இரும்பு!

துருவின் துளைகளுக்குள் இந்த உப்பு தங்கியிருக்கிறது. அதை அகற்றாமல் பெயிண்டு அடித்தால், எதிரியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியது போலாகும். பூச்சின் வழியே ஈரம் மெல்லப் புகும். துரு பெருத்துப் பூச்சைத் தூக்கிவிடும்.

இது வெறும் அழகுப் பிரச்சினை அன்று. மொட்டைமாடிக் கைப்பிடியின் அடிப்பாகம் துருவினால் மெலிந்திருக்கலாம். மேலே பெயிண்டு மினுங்கினால் அந்த ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. அதில் சாய்ந்து நிற்பவர் நிலை என்ன?

“கடலருகே எதுவும் நிலைக்காது” என்பவர்களுக்குப் பாம்பனைக் காட்டுங்கள். 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம், 1964 புயலில் சிதைந்து சீரமைக்கப்பட்டு, 2022 டிசம்பர் வரை ரயில்களைச் சுமந்தது. இடைவிடாத பராமரிப்பின்றி இது நடந்திராது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்திலோ கட்டும்போதே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் பயன்பட்டுள்ளன.

நம் வீட்டுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் நன்றாகத் தேய்த்தெடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்த பிறகு பிரைமர், அதன்மேல் பெயிண்டு, இதுவே முறை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். சுரண்டும் வேலையைப் பெரியவர்களிடம் விடுங்கள். புதிதாக வாங்கும்போது நாகமுலாம் பூசிய கம்பியைக் கேளுங்கள். கீறல் விழுந்தாலும் நாகம் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும்.

நம்பிக்கை வரவில்லையா? இரண்டு இரும்பு ஆணிகளை உப்புத்தாளால் தேயுங்கள். ஒன்றில் ஜி.ஐ. கம்பியை இறுகச் சுற்றுங்கள். இரண்டையும் தனித்தனியே உப்புநீரில் போட்டுச் சில நாள் பாருங்கள். கண்டதை வீட்டில் காட்டுங்கள். அடுத்த பொங்கலுக்குப் பெயிண்டு டப்பாவைத் திறக்குமுன், “துருவை எடுத்தாயிற்றா?” என்று கேட்கும் முதல் குரல் உங்களுடையதாக இருக்கட்டும்.